டெபாசிட் எப்போது போகும்?

செய்தித்தாள் படித்து ஆங்கிலம் பழகுகிறேன். அகராதியைப் பார்த்தும் ‘லாஸ்ட் ஹிஸ் டெபாசிட்’ போன்ற தேர்தல் தொடர்கள் பிடிபடவில்லையே? — வாசகர், போளூர்

அகராதியை மூடிவிட்டுத் தேர்தல் விதியைப் பாருங்கள்; இத்தொடர்களின் பொருள் அங்கேதான் இருக்கிறது. சட்டமன்ற வேட்பாளர் கட்டும் காப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 5,000. தோற்றவர் செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அந்தப் பணம் திரும்ப வராது. நாம் ‘டெபாசிட் காலி’ என்போமே, அதேதான்! இன்னொரு தேர்தல் தொடரான ‘ஃபர்ஸ்ட் பாஸ்ட் த போஸ்ட்’ (கம்பத்தை முதலில் தாண்டியவர்) குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஆனால் நம் தேர்தலில் தாண்டவேண்டிய கம்பம் எதுவுமில்லை. பாதி வாக்குகூட வேண்டாம், அடுத்தவரைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் வெற்றி. சட்டமெல்லாம் படிக்க வேண்டுமா என்று மலைக்காதீர்கள். போளூரும் அது அடங்கிய ஆரணி மக்களவைத் தொகுதியும் உங்களுக்குப் பழக்கமானவை. அவற்றின் முடிவுகளை முதலில் தமிழில் படித்து, பிறகு அதே செய்தியை ஆங்கிலத்தில் படியுங்கள்.