ஆமைக்கு எந்த உயிர்ச்சத்து?

விலங்கியல் பயில்பவன் என்பதால், "ஆமைக்கு எந்த உயிர்ச்சத்து மாவு வாங்கலாம்?" என்று நம் சங்கத்து நண்பர்கள் என்னைக் கேட்கிறார்கள். பெங்களூரில் விடுதி அறைகளுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் செங்காது ஆமை. மிசிசிப்பி ஆற்றுப் பகுதி அதன் தாயகம். (நம் நட்சத்திர ஆமையை வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்கு மருந்து கேட்டு என்னிடம் வரவேண்டா.)

தலையாயது 'டி3'. உண்ட கால்சியம் குடலிலிருந்து குருதியில் சேர இது வேண்டும். ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால் ஆமை தானே இதை ஆக்கிக்கொள்ளும். "சன்னலோரம் வெயில் படுகிறதே!" என்பீர்கள். சன்னல் கண்ணாடி அக்கதிரை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும். சூன் மாதம் தொடங்கினால் இவ்வூர் வானமோ முகில் மூடியது! கதிரும் டி3-யும் இல்லையேல் ஓடு மெத்தென்றாகும், தாடை வளையும். நண்பர் ஒருவர் இரவுச் சிற்றுண்டியைக் குறைத்துக்கொண்டு அயல்நாட்டுக் கால்சியச் சிமிழ் ஒன்று வாங்கினார். அதில் டி3 இல்லை. அறையில் புற ஊதா விளக்கும் இல்லை. பாதிப் பணம் வீண் என்றே சொல்வேன்.

வெட்டுக்கிளி, சில்வண்டு முதலியவற்றில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் மிகுதி. உணவில் கால்சியம் இரு பங்கும் பாஸ்பரஸ் ஒரு பங்குமாக இருத்தல் நலம். ஆதலால் பூச்சி தின்னும் பல்லி, தவளைகளுக்குத் தூவும் மாவில் பாஸ்பரஸ் இல்லாதிருப்பதே நல்லது.

உலர்ந்த இறாலையே தின்னும் ஆமைக்கு இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டால், சொட்டு மருந்து தேடுமுன் 'ஏ' உயிர்ச்சத்துக் குறைவை ஐயுறுங்கள். ஆனால் தாமாக ஊசி போடுவது கூடவே கூடாது. கொழுப்பில் கரையும் இச்சத்து ஈரலில் தங்கும். மிகுந்தால் தோல் உரியும். மருத்துவரே அளவு சொல்லட்டும். தவளை வளர்ப்போர் சிமிழில் 'ரெட்டினால்' இருக்கிறதா என்று பாருங்கள்; பீட்டா கரோட்டின் மட்டும் இருந்தால் நம்புவதற்கில்லை. 'ஏ' குறைந்த தவளை இரையை நோக்கி நாக்கை நீட்டும், இரை ஒட்டாது. பசியோடு மெலியும்.

பெரிய டப்பாவிலிருந்து அள்ளிப் பொட்டலமாகக் கட்டித் தரும் நாளற்ற மாவை வாங்காதீர்கள். திறந்த சிமிழை ஆறு திங்களுக்குமேல் வைத்திருக்கவும் வேண்டா.

நீரில் உண்ணும் ஆமைக்குத் தூவிய மாவு கரைந்தே போகும். நல்ல குருணைத் தீனியில் உயிர்ச்சத்துகள் முன்பே கலந்திருக்கும். மேலும் சேர்த்தால் அளவு மிஞ்சும். கால்சியத்திற்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கேளுங்கள். அது கணவாயின் ஓடு. முதுகுப்புறக் கெட்டித் தகட்டை நீக்கிவிட்டு, துண்டாக்கி நீரில் மிதக்க விட்டால் ஆமை வேண்டும்போது கடித்துக்கொள்ளும்.