மூச்சும் அளவும்

உண்டியின்றிச் சில நாள் வாழலாம். மூச்சின்றிச் சில நிமிடங்கள் வாழ்தலும் அரிது. அம்மூச்சிற்கு ஆதாரமாகிய ஒட்சிசன் நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 வீதம் உளது. நுரையீரல் முதிராது பிறந்த குழவிக்கு இது போதாமையால், மூக்கில் மெல்லிய குழாய் பொருத்தி ஒட்சிசனை மிகுத்து ஊட்டுவர். கொழும்பிலே 1879இல் தோன்றிய டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை போன்ற இடங்களிற் பல குழவிகள் இவ்வாறு பிழைக்கின்றன.

ஆயினும், உயிர் காக்கும் இம்மருந்திற்கும் தீங்குகள் உள. அவற்றை மூவகையாகக் கூறலாம்.

முதலாவது, மூக்கிற்கு நேர்வது. குழாய் உறுத்தினால் தோல் புண்படும். ஈரமற்ற காற்றினால் மூக்கின் உட்புறம் உலர்ந்து குருதி கசியும். சளி இறுகிக் குழாயை அடைக்கும்.

இரண்டாவது, காற்றின் வேகத்தால் நேர்வது. வேகம் மிகின் வயிறு உப்பும். சிலபோது நுரையீரலின் நுண்ணறைகள் வெடித்து, காற்று நெஞ்சறையிற் கசியும். பிறந்த குழவிக்கு நிமிடத்திற்கு அரை முதல் ஒரு லீற்றர் வரையே பொதுவாக விதிக்கப்படுகிறது.

மூன்றாவது, கண்ணிற்கு நேர்வது, இதுவே கொடிது. குறைமாதக் குழவியின் விழித்திரையிற் குருதிக் குழாய்கள் முற்றும் வளர்ந்திரா. ஒட்சிசன் மிகின் அவ்வளர்ச்சி தடைப்படும். பின்னர் அவை நெறி தவறி வளர்ந்து, தழும்பாகி, விழித்திரையைப் பெயர்த்துவிடும். 1942இல் அமெரிக்க மருத்துவர் தெரி இந்நோயை விவரித்தார். 1951இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கேற் கம்பெல் ஒட்சிசன் மிகுதியே காரணமாகலாமென எடுத்துக் காட்டினார். அக்காலத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழவிகள் பார்வையிழந்தன எனக் கணக்கிடப்படுகிறது.

அஞ்சியவர்கள் பின்னர் ஒட்சிசனை மிகக் குறைத்தனர். கண்கள் தப்பின; ஆயின் மூச்சுக்குறையால் மாண்ட குழவிகள் பெருகின. மிகையும் தீது, குறையும் தீது என்பது இவ்வாறு பெருவிலை கொடுத்துக் கற்ற பாடமாகும். இன்று 32 வாரம் நிறையுமுன் பிறந்த குழவிக்குக் குருதியின் ஒட்சிசன் செறிவை 88 முதல் 95 வீதத்துள் நிறுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கிறது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் அன்பர்களே! குழவி சோர்ந்திருக்கக் கண்டு, இன்னும் சிறிது திறந்துவிடுமாறு தாதியரை வற்புறுத்தாதீர்கள். வீடு திரும்பிய பின்னரும் மருத்துவர் குறித்த நாளிற் கண் பரிசோதனைக்குத் தவறாது கொண்டுசெல்லுங்கள். உரிய காலத்திற் கண்டால் லேசர் சிகிச்சையாற் பார்வையைப் பெரும்பாலும் காக்கலாம். காலந் தாழ்த்தின் மீட்டல் அரிது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி மூச்சிற்கும் பொருந்துவதாம்.