பால்பல்லையும் டாக்டரிடம் காட்டுங்கள்

"சாப்பிடலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்!" நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் மிரட்டல் இது. இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பல் டாக்டர் முன்னால் வாயைத் திறக்குமா?

முதல் பல் ஆறாம் மாத வாக்கில் முளைக்கும். மூன்று வயதுக்குள் 20 பால்பற்களும் வந்துவிடும். ஒரு வயது நிரம்பும்போதே டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று வலி வரும்வரை விட்டுவிட்டால், முதல் தடவையே பல்லைப் பிடுங்க வேண்டி வரலாம். அப்புறம் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே பிள்ளை அலறும். இன்னொன்று: ஆறு வயது வாக்கில் பால்பல் வரிசைக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் விழுந்து முளைப்பதல்ல. ஆயுசுக்கும் அதுதான். பல பெற்றோர் இதையும் பால்பல் என்றே நினைக்கிறார்கள்.

போவதற்கு நாலைந்து நாள் முன்பே வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள். மடியில் படுக்க வைத்து, "ஆ காட்டு கண்ணு" என்று பல்லை எண்ணுங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையானால், அப்பா வாயைத் திறந்து உட்காரட்டும். பிள்ளை டார்ச் அடித்துப் பார்க்கட்டும். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். நினைக்காத வலியை நாமே நினைவூட்டுவானேன்? "டாக்டர் பல்லை எண்ணிப் பார்ப்பார்" என்றால் போதும்.

திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. பிள்ளை தூங்கி எழுந்து, சாப்பிட்டுத் தெளிவாக இருக்கும் காலை நேரமே நல்லது. அழுதால் அதட்டாதீர்கள். சின்னக் குழந்தையை உங்கள் மடியில் வைத்தே பார்க்கலாம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் மிட்டாய் வேண்டாம், ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுங்கள்.