ரவையும் கோதுமைதான்!



இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னவர் எங்கள் அறிவியல் டீச்சர். ஆனால் எழுத வேண்டிய காரணம் என்கிட்டதான் இருக்கு.

போன வருஷம் மேட்டூர் அணைக்குச் சுற்றுலா போனோமே, ஞாபகம் இருக்கா? பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழிக்கு எங்க அம்மா செய்த ரவா லட்டு கொடுத்தேன். "இதுல கோதுமை இருக்கா?"ன்னு கேட்டா. "சீ, கோதுமை எல்லாம் இல்லடி, வெறும் ரவைதான். ஒரு லட்டுதானே, சாப்பிடு"ன்னு சொன்னேன். நம்பி சாப்பிட்டா. திரும்பி வரும்போது வழியில் மூணு தடவை பஸ்ஸை நிறுத்தினோம். வாந்தி, வயிற்று வலி. நாலு நாள் பள்ளிக்கு வரல.

ரவை என்பது கோதுமையை உடைத்து எடுப்பது என்று எனக்கு அன்னைக்குத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்க பார்ப்போம்!

(தோழியின் பெயரை எழுதவில்லை. "பேரு போடாதே, விஷயத்தைப் போடு"ன்னு சொல்லிட்டா.)

அவளுக்கு என்ன?

அவளுக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. நமக்கு அது சாதாரண உணவு. அவள் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமோ அது உள்ளே வந்ததும் தன் சிறுகுடலையே தாக்கும். சிறுகுடலின் உள்சுவரில் குடலுறிஞ்சிகள் இருக்கின்றன என்று படித்தோம் அல்லவா? துண்டின் மேல் நூல் நூலாக நிற்பது போல இருக்குமே, அவைதான். குளூட்டனால் அவை தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் இரும்புச்சத்து, கால்சியம் எதுவும் சரியாக உடம்பில் சேராது. அவள் ஏழாம் வகுப்பில் எப்பவும் சோர்ந்து போய் இருந்ததும், ஓட்டப் பந்தயத்தில் பாதியிலேயே உட்கார்ந்ததும் இதனால்தான். நாங்க "சோம்பேறி"ன்னு கிண்டல் பண்ணினோம். அதுக்கும் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கறேன்.

இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. இதைக் குணமாக்க மாத்திரையும் இல்லை. குளூட்டனை வாழ்நாள் முழுக்க அடியோடு விடுவது ஒன்றே வழி. விட்டால் குடல் மெல்ல மெல்லச் சரியாகும். உலகத்தில் சுமார் நூறு பேரில் ஒருவருக்கு இது உண்டு. நம் நாட்டில் கோதுமை அதிகம் சாப்பிடும் வட மாநிலங்களில் அதிகம், தென் மாநிலங்களில் குறைவு. அதனால்தான் இங்கே நிறைய பேர் கேள்விப்பட்டதே இல்லை.

முக்கியமான ஒன்று: இதைப் படித்துவிட்டு "எனக்கும் வயிறு வலிக்குது"ன்னு யாரும் தானாகச் சப்பாத்தியை நிறுத்தாதீங்க. ரத்தப் பரிசோதனை செய்யும்போது கோதுமை சாப்பிட்டுக் கொண்டிருந்தால்தான் சரியான முடிவு தெரியும். முதலில் டாக்டர், பிறகுதான் பத்தியம்.

யார் கண்டுபிடித்தார்?

நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. கோதுமை மேல் அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1944-45 குளிர்காலத்தில் அங்கே கொடிய பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பசியில் வாடியபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! மறுபடி ரொட்டி வந்ததும் மறுபடி நோய் வந்தது. கோதுமைதான் காரணம் என்று 1950-இல் தன் ஆய்வேட்டில் எழுதினார்.

செய்து பாருங்கள்

குளூட்டனைக் கண்ணால் பார்க்கலாம். நாங்கள் ஆய்வகத்தில் பார்த்தோம்.

1. ஒரு கைப்பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் வையுங்கள்.
2. ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் அதைப் பிசைந்து பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால் போல ஆகும். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள்.
3. கடைசியில் ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு உருண்டை மிஞ்சும். பெரும்பாலும் அது குளூட்டன்தான்!
4. பால் போன்ற தண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலம் ஆனால் அது ஸ்டார்ச்.
5. இதையே கேழ்வரகு மாவில் செய்யுங்கள். எல்லாம் கரைந்து போகும், உருண்டை மிஞ்சாது.

பரோட்டா மாஸ்டர் வீச வீச மாவு கிழியாமல் விரிவதும், பன் உப்புவதும் இந்த ரப்பரின் வேலைதான். வலை மாதிரி காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கொல்லிமலைப் பயணம்

இந்த வருஷம் கொல்லிமலை என்று அறிவித்ததும் அவள் பெயர் கொடுக்கவில்லை. "என்னால எல்லாருக்கும் தொந்தரவு"ன்னா. எனக்குத் தொண்டையை அடைச்சுது. சார் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அவ சாப்பிடறதையே எல்லாரும் சாப்பிட்டா தொந்தரவு எங்கம்மா வரும்?"

எலுமிச்சை சாதம், தயிர் சாதம், இட்லி என்று முடிவானது. அரிசியும் உளுந்தும்தானே, கவலை இல்லை என்று நினைத்தோம். அவளுடைய அம்மாதான், "பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படிங்க"ன்னு சொன்னாங்க. சமையல்கார அண்ணன் சிரிச்சார். படிச்சதும் சிரிப்பு நின்னுடுச்சு. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ந்திருந்தது! கடையில் விற்கும் பல டப்பாக்களில் அப்படித்தான். அன்று பெருங்காயம் போடாமலே தாளித்தார். "வாசம் கொஞ்சம் கம்மி"ன்னு ஒருத்தன் சொன்னான். ஆனா மூணு தட்டு சாப்பிட்டான்.

குக்கர் கேக்

போகும்போது கேக் வெட்டணும் என்பது எங்கள் வகுப்பு வழக்கம். மைதா இல்லாமல் கேக்கா? முதல் தடவை கேழ்வரகு மாவு, சர்க்கரை, பால் மட்டும் போட்டு அவங்க வீட்டில் செய்தோம். கத்தி பட்டதும் மணல் வீடு மாதிரி சரிஞ்சுது. பிடித்து வைக்க அந்த ரப்பர் வலை இல்லையே! இரண்டாம் தடவை முட்டையும் வாழைப்பழமும் சேர்த்தோம். வலை செய்யும் வேலையை அவை செய்தன.

தேவை: கேழ்வரகு மாவு 1 கப், நாட்டுச்சர்க்கரை முக்கால் கப், கனிந்த வாழைப்பழம் 2, முட்டை 2, எண்ணெய் கால் கப், தயிர் கால் கப், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

செய்முறை: பழத்தை மசித்து முட்டை, சர்க்கரை, எண்ணெய், தயிர் சேர்த்து நன்றாக அடிக்கவும். மாவு முதலியவற்றைச் சலித்துக் கலக்கவும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றவும். குக்கரில் ஒரு அங்குலம் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்துச் சூடாக்கவும். தண்ணீர் கூடாது. கேஸ்கட், வெயிட் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். பாத்திரத்தை உள்ளே வைத்துச் சிறு தீயில் சுமார் 40 நிமிடம். ஈர்க்குச்சியால் குத்தினால் ஒட்டக்கூடாது. ஆறிய பிறகே வெட்டவும். (பெரியவங்க பக்கத்துல இல்லாம செய்யாதீங்க!)

கேழ்வரகை மாவு மில்லில் அரைக்கவில்லை. நமக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால் அது நம் மாவிலும் கலந்துவிடும். மிக்சியில் அரைத்து, புது சல்லடையில் சலித்தோம். இது அதிகப்படி இல்லை. நம் நாட்டு விதிப்படி "குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட வேண்டுமானால், ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. அவ்வளவு சிறிய அளவுக்கே கணக்கு!

மலை மேலே

70 கொண்டை ஊசி வளைவுகள்! எண்ணிக்கொண்டே போனோம். மலை மேல் சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் விளைகிற ஊர். ஒன்றில்கூடக் குளூட்டன் இல்லை. "இது என்னோட ஊரு"ன்னு அவ சிரிச்சா. 2023-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது, அதுவும் இந்தியா கேட்டுக்கொண்டதால்தான் என்று டீச்சர் சொன்னார்.

ஒரு கடையில் வாழைக்காய் பஜ்ஜி சூடாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடலை மாவுதானே என்று நான் வாங்கப் போனேன். அவளே முன்னால் போய்க் கேட்டாள்: "அண்ணே, இந்த எண்ணெய்ல சமோசா போட்டீங்களா?" "ஆமா பாப்பா, காலைல போட்டேன்." "அப்ப வேண்டாம்ணே"ன்னு சொல்லிட்டு அன்னாசிப்பழம் வாங்கினாள். அவள் கூச்சப்படாமல் கேட்டதை அன்றுதான் முதல் முறை பார்த்தேன்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கணும். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் தெரியும்! நான் நூறு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தேன். அவள் நிற்கவே இல்லை. நாங்கள் மூச்சு வாங்க மேலே வந்தபோது, கேக் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். "சோம்பேறிங்களா, சீக்கிரம் வாங்க!"

நினைவில் வையுங்கள்

கூடாதவை: கோதுமை, மைதா, ரவை, கோதுமை சேமியா, பிரெட், பிஸ்கட், பரோட்டா, பார்லிக் கஞ்சி, மால்ட் சேர்ந்த பானங்கள், கோதுமை சேர்ந்த சோயா சாஸ், கூட்டுப் பெருங்காயம்.

ஆகுபவை: அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பருப்பு, முட்டை, பால், காய், பழம். மாவாக வாங்கினால் கலப்பு இருக்கிறதா என்று பார்க்கணும்.

ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்றால் "ஒரு துண்டுதானே" என்று வற்புறுத்தாதீர்கள். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்லுங்கள். நான் அன்று அப்படிச் சொல்லியிருந்தால் அந்த நாலு நாள் அவள் படுத்திருக்க மாட்டாள்.



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

(குக்கர் கேக் செய்து பார்ப்பவர்கள் எங்கள் வகுப்புக்கும் ஒரு துண்டு கொண்டு வரவும்!)