மோட்டார் வண்டியில் குளிர்நீர் குறைதலும் எச்சரிக்கை விளக்கும்

அன்னூர் வட்டாரத்தில் முற்காலத்தில் கவலை இறைப்பாலும் மாட்டு வண்டியாலும் நடைபெற்ற வேலைகளிற் பெரும்பாலானவை இன்று யந்திரங்களால் நடைபெறுகின்றன. மேட்டுப்பாளையம் மண்டிக்கு வாழைத்தார் கொண்டுசெல்லும் சரக்கு வண்டியும், நிலத்தை உழும் டிராக்டரும், கிராம அலுவலர் உபயோகிக்கும் காரும் எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரினாலேயே தம் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கின்றன. அந்நீர் குறைந்துவிட்டது என்று வண்டியின் முன்பலகையில் சிவப்பு அல்லது மஞ்சள் விளக்கு எரியுங்கால், கைக்குக் கிடைத்த தண்ணீரை ஊற்றிவிட்டு வண்டியை ஓட்டுவது பலருடைய வழக்கம். இவ்வழக்கத்தினால் பெரும் பணச்செலவும் சில சமயம் தேகத்திற்கு அபாயமும் உண்டாகின்றன. நீர் குறைந்தது என்பது நோயன்று. நோயின் குறியே ஆகும். நீர் எவ்வழியாகப் போயிற்று என்பதைக் கண்டு சரிப்படுத்துவதே உண்மையான பரிகாரம்.

குளிர்நீரின் வேலை

எஞ்சினில் எரியும் எண்ணெயின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையுடன் வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைக் குளிர்நீரே ஏற்று, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடி, விசிறியின் காற்றிலே விட்டுவிடுகிறது. ரேடியேட்டரின் மூடி சாதாரண மூடியன்று. அது நீரை அழுத்தத்தில் வைத்திருப்பதால், 100 டிகிரியில் கொதிக்கவேண்டிய நீர் சுமார் 120 டிகிரி வரையிற் கொதியாமல் இருக்கிறது. சமையலறையிலுள்ள பிரஷர் குக்கரின் தத்துவமும் இதுவே. ஓடிவந்த வண்டியின் மூடியைத் திறந்த மாத்திரத்தில் அழுத்தம் நீங்கி, கொதிநீர் ஆவியுடன் ஒரேயடியாகப் பொங்கி முகத்திலும் கையிலும் பாய்வதன் காரணமும் இதுவேயாம்.

விளக்குகளின் பேதம்

குளிர்நீர் சம்பந்தமாக முன்பலகையில் எரியும் விளக்குகள் ஒரே பொருளுடையவை அல்ல. குளிர்நீர்த் தொட்டியினுள் ஒரு மிதப்பான் இருக்கும் வண்டிகளில், நீர்மட்டம் இறங்கியதும் மட்ட விளக்கு எரியும். நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் எரிவது சிவப்பான உஷ்ண விளக்கு. சில வண்டிகளில் காலையில் சிறிது நேரம் எரியும் நீல விளக்கு, எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்பதையே குறிக்கும்; அதனால் கவலை வேண்டுவதில்லை. அநேக வண்டிகளில் மட்ட விளக்கே கிடையாது.

உஷ்ணமானியின் முள் நடுவில் நிற்கிறதே என்று மட்ட விளக்கை அலட்சியம் செய்தல் கூடாது. உஷ்ணத்தை அறியும் கருவி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அறிவிக்கும். நீர் வற்றி அவ்விடத்தில் காற்று நின்றுவிட்டால், எஞ்சின் தகித்துக்கொண்டிருக்கையிலும் முள் ஏறாமலிருக்கலாம்.

வழியில் செய்யத்தக்கவை

மட்ட விளக்கு மாத்திரம் எரிந்தால், வேகத்தைக் குறைத்து, அபாயமற்ற அடுத்த இடத்தில் வண்டியை நிறுத்தவேண்டும். உஷ்ண விளக்கும் எரிந்தாலோ, முன்புறத்தில் ஆவி எழுந்தாலோ, உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தவேண்டும். சத்தியமங்கலம் கடந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளையும் பாரத்துடன் ஏறும் வண்டிகளுக்கு இது முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. அங்கே எஞ்சினுக்கு உழைப்பு அதிகம். வண்டியின் வேகம் குறைவாதலால் எதிர்க்காற்றும் குறைவு. நிறுத்த இடமில்லாத வளைவாயின், குளிர்சாதனத்தை அணைத்து, வெந்காற்றுச் சாதனத்தை முழுமையும் திறந்துவிட்டு, இடம் கிடைக்கும் வரையில் மெதுவாகச் செல்லலாம். அச்சாதனம் எஞ்சினின் உஷ்ணத்தில் ஒரு பகுதியை வாங்கி வெளியே விடும்.

நிறுத்திய பின் அரைமணி முதல் ஒருமணி நேரம் வரையில் மூடியைத் தொடலாகாது. எஞ்சின் நின்ற பின்னும் மின்சார விசிறி தானாகவே சுழலக்கூடும். ஆதலால் அதனருகில் கைவைத்தல் கூடாது. மேல் ஹோஸ் குழாய் கைக்கு ஆறியிருந்தால், தடித்த துணியை மூடியின்மேல் இட்டு, சிறிது திருகி, காற்று வெளியேறிய பின்னரே முழுதும் திறக்கவேண்டும். தகிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் திடீரெனச் சுருங்கி வெடிப்புக் காணும். தொட்டியின் கீழ்வரைக்கும் மேல்வரைக்கும் இடையில் மட்டம் நிற்குமாறு ஊற்றுக. மேல்வரையைக் கடத்தல் வேண்டா.

ஊற்றத்தக்க நீர்

ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்ட காலத்தில், இந்நாட்டு வண்டிகளின் ரேடியேட்டர்களில் வெறும் தண்ணீரே ஊற்றப்பட்டது. அக்காலத்து எஞ்சின்கள் கனத்த வார்ப்பிரும்பினால் ஆனவை. இக்காலத்து எஞ்சின்களில் அலுமினியத்தாலான தலைப்பாகமும் மிகக் குறுகிய நீர்ப்பாதைகளும் உள்ளன. இவற்றிற்குக் கூலண்ட் என்னும் திரவம் கலந்த நீரே வேண்டும். எதிலீன் கிளைகோலும், துருவைத் தடுக்கும் மருந்துகளும் சேர்ந்ததே கூலண்ட். பாதிக்குப் பாதி கலப்பது பொதுவான அளவு. கலந்தே விற்கப்படும் கூலண்டில் மேலும் நீர் சேர்த்தல் கூடாது. நிறத்தைக்கொண்டு வகையைத் தீர்மானிக்க இயலாது. வண்டியின் கைப்புத்தகத்தில் குறித்துள்ள வகையையே வாங்கவேண்டும்.

நமது வட்டாரத்தில் ஆயிரம் அடிக்கு மேல் இறங்கிய ஆழ்குழாய்க் கிணறுகள் பல உள்ளன. அத்தகைய கிணற்றின் உப்பு நீர் சொட்டுநீர்க் குழாயின் துவாரங்களை வெண்படிவத்தால் அடைப்பதையும், வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஏடுபோற் படிவதையும் விவசாயிகள் நன்கறிவர். அதே படிவம் ரேடியேட்டரின் குழாய்களிலும் படியும். படிவம் உஷ்ணத்தைக் கடத்தாதாதலால், நீர் நிறைந்திருக்கும்போதே எஞ்சின் தகிக்கத் தொடங்கும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 17.8.2024இல் தொடங்கப்பெற்று, பவானி நீர் இப்பக்கத்துக் குளங்களுக்கு வருகின்றது. எனினும் வண்டலுள்ள குளத்து நீரும் இதற்கு ஏற்றதன்று. பாட்டரிக்கு ஊற்றும் வாலைநீர் ஒரு லிட்டரையோ, தயார் செய்த கூலண்டையோ வண்டியில் வைத்திருத்தல் நலம். பாட்டரி ஆசிட் என்பது வேறு பொருள். அதனைத் தவறியும் ஊற்றலாகாது. ஆபத்துக் காலத்தில் வேறு கதியில்லையாயின் குடிநீரை ஊற்றி வீடு சேரலாம். பின்னர் அதனை வடித்துவிட்டுப் புதுக் கூலண்ட் நிரப்புதல் அவசியம்.

குறைவின் காரணங்கள்

மாதக்கணக்கில் ஒரு விரற்கடை குறைதல் இயல்பு. வாரந்தோறும் குறையுமாயின் கசிவு உண்டென்று கொள்க. இரவு நிறுத்திய இடத்தில் ஓர் அட்டையை விரித்துவைத்துக் காலையிற் பார்த்தால், சொட்டிய இடமும் நிறமும் தெரியும். ஹோஸ் குழாய்களின் வெடிப்பு, கிளிப்பின் தளர்ச்சி, வாட்டர் பம்பின் கீழ்த்துவாரத்திற் கசிவு, ரேடியேட்டரின் ஓட்டை, மூடியின் ரப்பர் வளையம் கெடுதல் ஆகியவற்றை முறையே சோதிக்கவேண்டும். இவற்றிற் பல சிறு செலவில் தீர்பவை.

வெளியே ஒரு சொட்டும் காணாமல் நீர் குறையுமாயின் விஷயம் பெரிது. புகைக்குழாயில் இனிய மணமுள்ள வெண்புகை தொடர்ந்து வருதலும், எஞ்சின் எண்ணெய் பால் கலந்த காப்பியைப் போல் நிறம் மாறுதலும், தொட்டியில் குமிழிகள் எழுதலும் தலைப்பாகத்தின் காஸ்கெட் கெட்டதற்கு அடையாளங்கள். அவ்வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் இழுத்துச் செல்வதே சிக்கனம்.

டிராக்டரில் நீர் சரியாயிருந்தும் எஞ்சின் தகிக்குமாயின், கதிரடிக்கும்போதும் சோளத்தட்டு வெட்டும்போதும் ரேடியேட்டரின் முகத்தில் படியும் தூசியும் பதரும் பெரும்பாலும் காரணமாம். எஞ்சின் ஆறிய பின் அவற்றைத் துடைத்து நீக்குக.

கால்நடைகளுக்கு அபாயம்

கூலண்டில் உள்ள எதிலீன் கிளைகோல் இனிப்புச் சுவையுள்ள விஷமாகும். நாய்களும் ஆடுமாடுகளும் குழந்தைகளும் சுவைத்தால் சிறுநீரகம் கெட்டு உயிரிழக்க நேரும். வடித்த திரவத்தை வாய்க்காலிலோ, கிணற்றடியிலோ, தாழியருகிலோ கொட்டலாகாது. சிந்தியதை மண்ணால் மூடி அள்ளி அப்புறப்படுத்தவேண்டும். மூடியிட்ட பாத்திரத்தில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படைத்தல் முறை.

சுருக்கம்

1. வாரம் ஒருமுறை, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீர்மட்டம் பார்க்க.
2. உஷ்ண விளக்கு எரிந்தால் அக்கணமே நிறுத்துக, மூடியைத் திறவற்க.
3. ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றற்க.
4. நீரை ஊற்றியதோடு நில்லாமல், அது போன வழியைக் காண்க.
5. கூலண்டைக் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் வைக்க.