உபகாரச் சம்பளமும் கடைக் கணக்கும்



"பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, பணத்துக்குத்தான் வழியில்லை" என்று கடைக்கு வரும் நண்பர்கள் சொல்லக் கேட்கிறேன். சிங்கப்பூர் இந்தியருள் நாம் சிறுபான்மை, முஸ்லிம்களுள்ளும் சிறுபான்மை. ஆகையால் நமக்கு இரு பக்கமும் உதவியில்லை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. இரு பக்கமும் வாசல் உண்டு. தட்டும் முறை தெரியாததே நம் குறை. அந்த முறையே இம்மாதப் பாடம்.

முதலில் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வோம். உபகாரச் சம்பளம் என்பது பெரும்பாலும் மதிப்பெண் பார்த்துக் கொடுப்பது. உதவித் தொகை என்பது குடும்ப வருமானம் பார்த்துக் கொடுப்பது. "என் மகன் முதல் மாணவன் அல்லவே" என்று முன்னதை நினைத்துப் பின்னதையும் கேட்காமல் விடுவோர் நம்மில் அநேகர்.

இனி வாசல்களைப் பார்ப்போம்.

ஒன்று, சர்க்கார். பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் பயிலும் குடிமக்களுக்குக் கல்வி அமைச்சின் உதவித் தொகை உண்டு. இனமோ மதமோ அதற்குத் தடையில்லை. பிள்ளை பயிலும் கல்லூரியிலேயே விசாரிக்கலாம்.

இரண்டு, 1991இல் தொடங்கிய சிண்டா. இந்தியர் என்ற முறையில் அங்கே நமக்கும் இடமுண்டு.

மூன்று, 1965இல் தோன்றிய எல்.பி.கே.எம். என்னும் மீலாது நினைவு உபகாரச் சம்பள வாரியம். மலாய்க்காரருக்கு மட்டும் என்ற வேலி அங்கே இல்லை.

நான்கு, நம் ஊர்ச் சங்கங்களும் ஜமாஅத்துகளும். தொகை சிறியதாயினும் புத்தகச் செலவுக்கு ஆகும்.

ஒன்றைக் கவனிக்க. மெண்டாக்கி வழியாகக் கிடைக்கும் கல்லூரிக் கட்டணச் சலுகை மலாய் மாணவருக்கு உரியது. அடையாள அட்டையில் இந்தியர் என்றிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. அதைக் கேட்டு, இல்லையென்ற பதிலோடு திரும்பி, மற்ற வாசல்களையும் மறந்துவிடுதல் தவறு.

கேட்பது கௌரவக் குறைவு என்று சிலர் கருதுகின்றனர். நம் கடைச் சிப்பந்திகளுக்கு மத்திய சேமநிதி கட்டும்போது என்ன பிடிக்கிறோம் என்று பாருங்கள். இந்திய முஸ்லிமின் சம்பளத்திலிருந்து சிண்டா நிதிக்கும் போகிறது. பள்ளிவாசல் கட்டட, மெண்டாக்கி நிதிக்கும் போகிறது. நம்மவர் போட்ட பணமும் இந்த நிதிகளில் இருக்கிறது. முறைப்படி கேட்பது இரப்பதாகாது.

இப்போது கணக்குக்கு வருவோம். என் பிழையையே உதாரணமாகச் சொல்கிறேன்.

என் மூத்த மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்த ஆண்டு மனுவை நானே நிரப்பினேன். மாத வருமானம் என்ற இடத்தில் கல்லாவில் விழுந்த 30,000 வெள்ளியை எழுதினேன். வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் ஐந்து என்று எழுதினேன். சம்பாதிக்காத என் தாயாரை ஏன் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். தலைக்கு 6,000 வெள்ளி! மனு தள்ளப்பட்டது. அவ்வாண்டுக் கட்டணத்துக்கு என் மனைவியின் சங்கிலி விலைக்குப் போயிற்று. மகள் மாலையில் வேலைக்குப் போனாள், மதிப்பெண் குறைந்தது. அவள் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெரும் தண்டனை.

சரியான கணக்கு இதுதான்: விற்பனை 30,000. கொள்முதல் 20,000, வாடகை 4,000, சிப்பந்தி சம்பளமும் மின்சாரமும் 2,400. மீதி 3,600. அதுவே என் வருமானம். தாயாரோடு வீட்டில் ஆறு பேர். தலைக்கு 600 வெள்ளி. 6,000 எங்கே, 600 எங்கே! மறு ஆண்டு சரியாக எழுதினேன், உதவி கிடைத்தது. போன ஆண்டு மட்டும் திரும்பி வரவில்லை.

கூலி வாங்குபவருக்குச் சம்பளச் சீட்டு உண்டு. கடைக்காரருக்கு வருமான வரிக் கணிப்பு அறிக்கையே சாட்சி. ஆகவே நாள்வழியும் பேரேடும் ஒழுங்காக இருக்கவேண்டும். வரி அலுவலகத்துக்கு ஒரு கணக்கு, கல்லூரிக்கு ஒரு கணக்கு என்பது ஆகாது. அந்த அறிக்கை, வீட்டிலுள்ள அனைவரின் அடையாள ஆவணங்கள், வேலை பார்ப்போரின் சம்பளச் சீட்டு, பிள்ளையின் மதிப்பெண் தாள் ஆகியவற்றை ஒரே உறையில் எப்போதும் தயாராக வையுங்கள். வேறு உதவி பெறுவதாயின் மறைக்காமல் எழுதுங்கள். கடைசித் தேதியைக் கடை நாட்காட்டியில் குறியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக மனுச் செய்ய வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"கடன் வாங்கலாமே" என்பீர்கள். கல்விக் கட்டணக் கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டியில்லை. படிப்பு முடிந்தபின் வட்டி ஏறும். சேமநிதியிலிருந்து பிள்ளையின் கட்டணம் கட்டலாம் என்றால், சொந்தக் கடை வைத்திருக்கும் நமக்கு மெடிசேவ் மட்டுமே கட்டாயம். நம்மில் பலருக்குச் சாதாரணக் கணக்கு வெறுமையாகவே கிடக்கும். ஆதலால் உதவித் தொகையை முதலில் தேடுவதே நமக்கு உகந்தது.

1946இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1982 வரை அது நடந்தது. நம்மைவிட வசதி குறைந்திருந்த காலத்து முன்னோர் ஒரு பள்ளியையே நடத்திக் காட்டினர். நாம் ஒரு மனுவைச் சரியாக நிரப்பக் கூடாதா? எழுதத் தெரியாத அண்டைக் கடைக்காரருக்கும் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். பணம் இல்லையென்று ஒரு பிள்ளையும் படிப்பை நிறுத்தலாகாது.