உலையின் வெப்பத்தை ஆளும் கருவி

தீயை மூட்டக் கற்ற மனிதன், அதை அளவோடு எரியச் செய்யக் கற்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று. குயவன் சூளையின் நிறத்தைப் பார்த்தான். கொல்லன் இரும்பின் சிவப்பைப் பார்த்தான். நம் தாய்மார் தோசைக்கல்லில் நீர் தெளித்து அதன் ஓசையைக் கேட்டனர். இவை யாவும் பழக்கத்தால் வந்த அளவைகள். ஆனால் மனிதன் அருகில் இல்லாதபோதும் ஓர் உலை ஒரே வெப்பநிலையில் நிற்க வேண்டுமானால், பார்க்கும் கண்ணையும், கூட்டிக் குறைக்கும் கையையும் கருவிக்கே கொடுத்தாக வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு நாட்டவரான கார்னெலிஸ் டிரெபெல், பாதரசத்தின் அசைவைக் கொண்டு அடுப்பின் காற்று வழி தானே திறந்து மூடும் அமைப்பொன்றைச் செய்தார். இன்று நம் ஆய்வுக்கூடங்களில் உள்ள வெப்பநிலை ஆளிகள் அந்த மரபில் வந்தவையே.

அத்தகைய ஆளி ஒன்று பழுதுபட்டால் அதை எவ்வாறு ஆராய்வது, எவ்வாறு திருத்துவது, எவ்வாறு மேம்படுத்துவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். இயற்பியல் பயிலாத அன்பர்களும் அஞ்சாமல் படிக்கலாம். அடுக்களை அறிவே இதற்குப் பெரும்பாலும் போதுமானது.

நோயின் அறிகுறி

தலைநகர் டில்லியில் நான் பயிலும் துறையில் 3,500 வாட் ஆற்றலுள்ள மஃபிள் உலை ஒன்று உண்டு. மாணவர் எழுவர் முறை வைத்து அதைப் பயன்படுத்துகிறோம். டைட்டானியம் டை ஆக்ஸைடு என்னும் வெண்பொடியை அதில் சுடுவது என் வேலை. இப்பொடிக்கு அனட்டேஸ், ரூட்டைல் முதலிய படிக வடிவங்கள் உண்டு. எனக்கு வேண்டுவது அனட்டேஸ். ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி அது ரூட்டைலாக மாறத் தொடங்கும். மாறியது மாறியதுதான், குளிரவைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

உலையை 550 டிகிரியில் நிறுத்தியே பொடியைச் சுட்டேன். முகப்பிலும் 550 என்றே எண்கள் காட்டின. ஆயினும் எக்ஸ் கதிர்ச் சோதனையில் ரூட்டைலின் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. மூன்று மாத உழைப்பு ஐயத்துக்கு உரியதாயிற்று. என்னுடைய பொடி மட்டுமன்று. அதே உலையில் சுட்ட மற்ற அறுவரின் முடிவுகளும் கேள்விக்குள்ளாயின. "ஆளி கெட்டுவிட்டது, புதியது வாங்குங்கள்" என்றனர் பலர். உலையை விற்ற நிறுவனத்தாரோ, ஆள் அனுப்பவே பல வாரங்கள் ஆகும் என்றனர்.

துறையில் முப்பது ஆண்டுகளாகப் பணிபுரியும் மிஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னது வேறு. "தம்பி, மூளையைக் குறை சொல்லுமுன் கண்ணைப் பார், கண்ணைப் பார்த்தபின் நரம்பைப் பார்" என்று இந்தியில் கூறினார். பழுது பார்க்கும் கலை முழுவதும் இந்த ஒரு வாக்கில் அடங்கியிருப்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

மூன்று உறுப்புகள்

எந்த வெப்பநிலை ஆளிக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, வெப்பத்தை உணர்வது. இரண்டாவது, உணர்ந்ததை நாம் விரும்பும் அளவோடு ஒப்பிட்டு முடிவு செய்வது. மூன்றாவது, அம்முடிவின்படி மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதும். எண்கள் ஒளிரும் முகப்பு இரண்டாவதைச் சேர்ந்தது. நம் கண்ணில் படுவது அது ஒன்றே ஆதலால் பழியும் அதன்மீதே விழுகிறது. உண்மையில் உழைத்துத் தேய்பவை முதலாவதும் மூன்றாவதும்தாம்.

எங்கள் உலையில் உணரும் உறுப்பு, தெர்மோகப்பிள் எனப்படும் வெப்ப மின்னிரட்டை. இரு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் அங்கே மின்னழுத்தம் பிறக்கும். இவ்விளைவை 1821-இல் சீபெக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். குரோமெல், அலுமெல் என்னும் கலப்பு உலோகங்களால் ஆன 'கே' வகை இரட்டையில், டிகிரி ஒன்றுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் பிறக்கிறது. குளிர்முனை பூஜ்ய டிகிரியிலும் சூடான முனை 1,000 டிகிரியிலும் இருந்தால் கிடைப்பது 41.28 மில்லிவோல்ட். சாதாரணப் பேட்டரிக் கட்டை ஒன்றின் அழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத இச்சிறு அழுத்தத்தை நம்பித்தான் உலை முழுவதும் ஆளப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரட்டை அளப்பது சூட்டை அன்று. சூட்டுக்கும் குளிர்முனைக்கும் உள்ள வேறுபாட்டையே அது அளக்கிறது. டில்லியில் மாசி மாதக் காலையில் அறை 12 டிகிரி இருக்கும். மே மாதத்தில் 40-ஐத் தாண்டும். அதனால் ஆளியின் பின்புறத்தில், கம்பிகள் வந்து சேரும் இடத்தின் வெப்பநிலையைச் சிறு உணரி ஒன்று தனியே அளந்து கணக்கில் கூட்டிக்கொள்கிறது. இரட்டையின் கம்பிகள், அல்லது அவற்றுக்கு ஒத்த உலோகத்தால் ஆன நீட்டிப்புக் கம்பிகள், அவ்விடம்வரை வந்து சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு சரியாகும்.

நரம்பில் இருந்த நோய்

சரியென்று தெரிந்த மற்றோர் இரட்டையையும் மீட்டரையும் இரவல் பெற்று உலைக்குள் வைத்தோம். முகப்பு 550 என்றபோது, உள்ளே உண்மையில் ஏறக்குறைய 610 இருந்தது. வேறுபாடு 60 டிகிரி. உலையின் சுவிட்சை அணைத்து, செருகியையும் பிடுங்கி வைத்துவிட்டுப் பின்மூடியைத் திறந்தோம். இரட்டையின் தலைப்பெட்டியிலிருந்து ஆளிவரை ஓடிய கம்பி சாதாரணச் செப்புக் கம்பி! முன்பு எப்போதோ நடந்த பழுதின்போது, நீட்டிப்புக் கம்பிக்குப் பதிலாக அதை மாட்டியிருக்கிறார்கள்.

இதனால் விளைந்ததைப் பாருங்கள். தலைப்பெட்டி உலையின் முதுகில் இருப்பதால் அது 85 டிகிரி வரை சூடேறுகிறது. செப்புக் கம்பி அங்கேயே தொடங்குவதால், உண்மையான குளிர்முனை அந்த 85 டிகிரி இடமே. ஆளியோ தன் முதுகில் உள்ள 25 டிகிரியைக் கணக்கில் கூட்டுகிறது. ஆகவே 60 டிகிரி குறைவாகக் காட்டி, அந்த அளவுக்கு உலையை மிகுதியாகச் சுடவைக்கிறது. எத்தனை உயர்ந்த புதிய ஆளியை வாங்கி மாட்டியிருந்தாலும் இதே பிழைதான் நிகழ்ந்திருக்கும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கம்பி வந்ததும் அப்பிழை நீங்கிற்று.

கம்பியை மாட்டும்போது இரு முனைகளையும் இடம் மாற்றிவிடக் கூடாது. மாறினால் சூடு ஏற ஏற ஆளி குறைவாகக் காட்டும். உலையோ நிற்காமல் எரியும். அமெரிக்க முறைக் கம்பிகளில் மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. சிவப்பென்றால் நேர்முனை என்று பழகிய நம் கை இங்கே ஏமாறும். அனைத்து நாட்டு முறையில் பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை. நிறம் மங்கியிருந்தால் இரட்டையின் கம்பி ஒவ்வொன்றின் அருகிலும் காந்தத்தைக் கொண்டு செல்லுங்கள். காந்தம் இழுப்பது அலுமெல், அதுவே எதிர்முனை.

கையின் சோதனை

அடுத்துக் கையையும் சோதித்தோம். 230 வோல்ட்டில் 3,500 வாட் எரியும் சுருளின் மின்தடை, கணக்குப்படி ஏறத்தாழ 15 ஓம். மீட்டரில் அதை ஒட்டியே வந்தது, சுருள் நலம். மின்சாரத்தை விட்டு நிறுத்தும் தொடுவியின் முனைகளோ கருகிக் குழி விழுந்திருந்தன. இவ்வாறு கருகும் முனைகள் ஒருநாள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆளி "நிறுத்து" என்றாலும் மின்சாரம் நிற்காது. ஆகவே மேம்பாட்டுக்கு முனைந்தோம்.

மேம்பாடு

பழைய ஆளிக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள்: "விடு", "நிறுத்து". குறித்த அளவைத் தொட்டதும் மின்சாரத்தை நிறுத்தும். ஆனால் சுருளிலும் செங்கல்லிலும் தேங்கிய வெப்பம் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும். உலை 20 டிகிரி மேலே போகும். பின்னர் அதே அளவு கீழே இறங்கும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1980-களில் ஒருவகை அடுப்பு தோன்றிற்று. மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு குச்சிகளை ஒரு திருகு மெல்லத் தள்ள, விசிறி காற்றூட்ட, அத்தீயின் புகையிலும் வெப்பத்திலும் இறைச்சி பல மணி நேரம் வேகும். அங்கும் இதே தொல்லைதான். தள்ளிய குச்சி தீப்பற்றிச் சூடு தருவதற்குச் சிறிது நேரம் ஆகிறது. அதற்குள் ஆளி பொறுமையிழந்து மேலும் குச்சிகளைத் தள்ளிவிட்டால் வெப்பம் எல்லை மீறும். அந்நாட்டில் பலர் பழைய ஆளியைக் கழற்றிவிட்டு, பி.ஐ.டி. முறையில் இயங்கும் ஆளியைத் தாமே பொருத்திக்கொள்கிறார்கள். நாங்கள் நாடியதும் அம்முறையே.

பி.ஐ.டி. என்பது மூன்று அறிவுகளின் கூட்டு. பற்றாக்குறை எவ்வளவோ அவ்வளவுக்குத் தீயைக் கூட்டுவது முதலாவது. இது மட்டும் இருந்தால், குறித்த அளவுக்குச் சற்றுக் கீழேயே உலை தங்கிவிடும். அந்தச் சிறு குறை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் கூட்டி வைத்துத் தீர்ப்பது இரண்டாவது. வெப்பம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்று கண்டு முன்கூட்டியே தணிப்பது மூன்றாவது. பால் பொங்கி விளிம்புக்கு வருமுன்பே அடுப்பைத் தணிக்கும் அன்னைக்கு இம்மூன்றாவது அறிவு இயல்பாகவே உண்டு. கப்பலைத் திசை மாறாமல் செலுத்துவதற்காக நிக்கோலஸ் மினார்ஸ்கி 1922-இல் இதனைக் கணித வடிவில் எழுதினார். மூன்றையும் எவ்வளவு கலப்பது என்பதற்கு சீக்லர், நிக்கோல்ஸ் என்னும் இருவர் 1942-இல் எளிய விதிகள் தந்தனர். இக்கால ஆளிகள் பல அந்தக் கலவையைத் தாமே தேடிக்கொள்ளும். ஆனால் அத்தேடலை அறை வெப்பத்தில் நடத்துவது பயனற்றது. நாம் வேலை செய்யப்போகும் வெப்பநிலையில், கதவு மூடி, வழக்கமான சுமையை வைத்து நடத்த வேண்டும்.

தொடுவிக்குப் பதிலாகத் திண்மநிலை ரிலேயைப் பொருத்தினோம். அதில் அசையும் முனைகள் இல்லை. இரண்டு விநாடிக்கு ஒருமுறை மின்சாரத்தை விட்டு நிறுத்தினாலும் தேயாது. ஆனால் 15 ஆம்பியர் ஓடும்போது 15 முதல் 20 வாட் வெப்பம் அதற்குள்ளேயே எழும். எனவே விசிறி மடிப்புள்ள அலுமினியத் தகட்டின்மேல் அதைத் திருக வேண்டும்.

தனிக் காவல்

இவ்விடத்தில் வாசகர் மிகக் கருத்தூன்ற வேண்டுகிறேன். திண்மநிலை ரிலே கெடும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும். அஃதாவது மின்சாரம் நிற்காமல் ஓடும். ஆளி எத்தனை அறிவுடையதாயினும் அப்போது அதனால் ஆவது ஒன்றுமில்லை. இரவு முழுவதும் ஆளில்லாமல் எரியும் உலைக்கு இது பேராபத்து. ஆகவே மற்றோர் இரட்டை, மற்றோர் எல்லைக் கருவி, மற்றொரு தொடுவி ஆகியவற்றைத் தனியே அமைத்தோம். குறித்த எல்லை மீறினால் அது மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும். மனிதன் வந்து பொத்தானை அழுத்தும்வரை மீண்டும் விடாது. ஆளிக்கும் காவலுக்கும் ஒரே இரட்டையைப் பயன்படுத்தினால் அது காவலே அன்று. கண் பொய் சொன்னால் இருவரும் சேர்ந்தே ஏமாறுவார்கள்.

வேலை முடிந்ததும் மிஸ்திரி அருகிலிருக்க மூன்று சோதனைகள் செய்தோம். இரட்டையின் கம்பியை ஆளியிலிருந்து கழற்றியபோது ஆளி பிழை காட்டி மின்சாரத்தை நிறுத்திற்று. காவலின் எல்லையைத் தாழ்த்தியபோது தொடுவி விழுந்தது. உலைக்குள் வைத்த தனி இரட்டையும் முகப்பும் 550 டிகிரியில் ஒத்து வந்தன. ஒரு மணி நேரத்தில் 2 டிகிரிக்கு மேல் ஊசலாட்டம் இல்லை. மறு வாரம் சுட்ட பொடியில் ரூட்டைலின் கோடு தென்படவில்லை. பழைய முடிவுகளுக்கு எழுவரும் உண்மையான வெப்பநிலையைக் குறிப்பேட்டில் திருத்தி எழுதினோம். என் நண்பர்கள் இருவர் தம் சோதனைகளை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. ஆய்வேடு அச்சேறுமுன் இது தெரிந்ததே என்று அவர்கள் ஆறுதல் கொண்டனர்.

இதற்கான செலவு, புதிய உலை ஒன்றின் விலையில் சிறு பங்கே. எம்.எஸ்ஸி. வகுப்பில் சீபெக் விளைவைப் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெறுகிறோம். அதே விளைவு நம் உலையின் பின்மூடிக்குள் பிழையாக இயங்கும்போது அதை அடையாளம் காணாமல் இருப்பது கல்விக்கு அழகன்று. உங்கள் ஆய்வுக்கூடத்திலும் ஓர் உலையோ, அடைகாப்புப் பெட்டியோ, நீர்த்தொட்டியோ இருக்கும். இந்த வாரமே அதற்குள் தனி வெப்பமானி ஒன்றை வைத்து, முகப்பு சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்து வராவிடில், மின்பணி அறிந்தவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு முதலில் உணரியையும் கம்பியையும் ஆராயுங்கள். எங்கள் உலையின் கம்பி அமைப்பைப் படமாக வரைந்து மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். சங்க அன்பர் எவரேனும் காண விரும்பினால் சனிக்கிழமை மாலைகளில் வரலாம். மகிழ்வோடு திறந்து காட்டுவேன்.